எதிர்ல இருக்கறவர் எங்க நின்னு "இல்ல"ங்கறார்? பேசி ஒத்துக்க வைக்கக் கத்துக்கிட்ட அனுபவம்

பேசி ஆள ஒத்துக்க வைக்கிறது எப்படின்னு கேக்குறவங்க பெரும்பாலும் ரெண்டு விஷயம்தான் கேக்குறாங்க, தயங்காம எப்படி பேசுறது, எதிராளிய எப்படி மடக்குறது. நான் கொஞ்ச வருஷமா வாரக்கடைசில ஒரு விவாதப் பயிற்சிக் குழுவுக்குப் போயிட்டிருக்கேன், ஆபீஸ்லயும் ஒரு யோசனைய எழுதி நாலு பேர் முன்னாடி வெச்சு ஓகே வாங்குறதுதான் என் வேலைல பெரும்பகுதி. ரெண்டு எடத்துலயும் பாத்தத வெச்சு சொல்றேன், தயக்கம் பேசப் பேச தானா கொறஞ்சிரும், மடக்குறதுல பெருசா பிரயோஜனம் இல்ல, நாலு பேர் முன்னாடி மடங்கினவர் அதனால மனசு மாறினத நான் பாத்ததே இல்ல. எதிர்ல இருக்கறவர் எந்த எடத்துல நின்னுக்கிட்டு "இல்ல"ங்கறார்னு கண்டுபிடிக்கிறதுதான் இதுல பெரிய வேலை, அது தெரியாம எவ்வளவு அழகா பேசினாலும் அவர் காதுல ஏறாது. குறள்லயே வரிசை அப்படித்தான் இருக்கு, 72-வது அதிகாரம் அவையறிதல், அதுக்கப்புறம் 73-வதுதான் அவையஞ்சாமை. கேக்குறவங்கள தெரிஞ்சுக்கறது முதல்ல வருது, பயம் போறது அடுத்து வருது.

எங்க குழுவுல பிரிட்டிஷ் பார்லிமென்டரி முறைலதான் விவாதம் நடக்கும். நாலு அணி, அணிக்கு ரெண்டு பேர், ரெண்டு அணி தலைப்புக்கு ஆதரவு, ரெண்டு அணி எதிர்ப்பு. தலைப்ப சொன்னதும் 15 நிமிஷம் டைம், அப்புறம் ஆளுக்கு 7 நிமிஷம் பேச்சு, முதல் நிமிஷமும் கடைசி நிமிஷமும் போக நடுவுல எப்ப வேணா எதிரணி எழுந்து கேள்வி கேக்கலாம், அத எடுத்துக்கறதும் உக்காருங்கன்னு கை காட்றதும் பேசுறவர் இஷ்டம். இதுல எல்லாத்தையும் விட முக்கியமான விதி என்னன்னா எந்தப் பக்கம் பேசணும்ங்கறது உங்க கைல இல்ல, குலுக்கல்ல வர்றதுதான். நீங்க உயிரா நம்புற ஒரு விஷயத்துக்கு எதிரா பேசச் சொல்லி வரும், 15 நிமிஷத்துல அதுக்கு நல்ல காரணம் தேடியாகணும்.

ஒரு தடவ "ஓட்டுப் போடறத சட்டப்படி கட்டாயமாக்கணும்"னு தலைப்பு. எனக்கு அதுல கொஞ்சம்கூட உடன்பாடு கிடையாது, விருப்பமில்லாதவன இழுத்துட்டு வந்து ஓட்டுப் போட வைக்கிறது என்ன ஜனநாயகம்னு நெனைக்கிற ஆள் நான், ஆனா எனக்கு வந்தது ஆதரவு அணி. கூட இருந்த பொண்ணுதான் ஆஸ்திரேலியாவ ஞாபகப்படுத்தினா, அங்க 1924ல சட்டம் வந்துச்சு, 1922 தேர்தல்ல 60 சதவீதத்தக்கூட தொடாத வாக்குப்பதிவு 1925ல 91 சதவீதத்த தாண்டுச்சு. சரி, நம்பர் இருக்கு, அதனால என்னன்னு ரெண்டு பேரும் யோசிச்சோம். யோசிக்க யோசிக்க ஒண்ணு பிடிபட்டுச்சு, எல்லாரும் வந்தே ஆகணும்னு இருந்தா எதிர்க்கட்சிக்காரன் ஆளுங்கள வீட்டுலயே முடக்கி ஜெயிக்கிற வழி ஒரு கட்சிக்கும் கெடைக்காது, அதோட ஓட்டுப் போடறத கடமைன்னு சொல்ற அரசாங்கம் வாக்குச்சாவடிய எல்லாருக்கும் எட்டுற மாதிரி வெச்சுத்தான் ஆகணும், வேலைக்குப் போறவன் முடியாதவன் எல்லாருக்கும். நான் இன்னைக்கும் அந்த சட்டத்துக்கு எதிர்ப்புதான், ஆனா இப்ப யாராவது ஆதரிச்சுப் பேசினா அவங்க எந்தக் காரணத்துல நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும், அதுல எது பலமானதுன்னும் தெரியும்.

இந்தப் பழக்கம் ரொம்பப் பழசு. கி.மு. 155ல ஏதென்ஸ்லேர்ந்து ரோமுக்குத் தூது போன கார்னியாடிஸ்ங்கற தத்துவ ஆசிரியர் ஒரு நாள் நீதிய உயர்த்திப் பேசியிருக்கார், மறுநாள் அதே கூட்டத்துல முந்தின நாள் சொன்னத அவரே ஒவ்வொண்ணா உடைச்சிருக்கார். ரோம் இளைஞர்கள் மயங்கிப் போய் பின்னாடியே சுத்த, கேட்டோங்கற பெரியவர் இந்தத் தூதுக்குழு வேலைய சீக்கிரம் முடிச்சு ஊருக்கு அனுப்புங்கன்னு செனட்ல வற்புறுத்தியிருக்கார். கேட்டோவோட பயம் எனக்குப் புரியுது, எல்லாத்துக்கும் ரெண்டு பக்கமும் பேசுறவன் எதையுமே நம்பாதவனா ஆயிருவானோன்னு தோணத்தான் செய்யும். என் அனுபவத்துல நடந்தது வேற, ரெண்டு பக்கமும் பேசினதுக்கப்புறம் என் நம்பிக்கைல எது காரணத்தோட நிக்குது எது வெறும் பழக்கத்துல நிக்குதுன்னு பிரிச்சுப் பாக்க முடிஞ்சுது.

குழுவுல எங்களுக்குச் சொல்லிக்குடுக்கறவர் ஒரு கூடுதல் விதி வெச்சிருக்கார். மறுத்துப் பேசறதுக்கு முன்னாடி எதிரணி சொன்னத நம்ம வார்த்தைல திருப்பிச் சொல்லணும், சொன்னவர் "ஆமா, அதான்"னு தலையாட்டணும், ஆட்டலேன்னா மறுக்க அனுமதி இல்ல. கேக்க சுலபமா இருக்கும், செஞ்சு பாருங்க. நாம எல்லாரும் எதிராளி வாதத்த கொஞ்சம் ஒல்லியாக்கித்தான் திருப்பிச் சொல்றோம், தெரியாமலேயே. அவர் "பெரும்பாலும்"னு சொல்லியிருப்பார், நாம "எப்பவும்"னு சொல்லுவோம், அவர் ரெண்டு காரணம் குடுத்திருப்பார், நாம சொத்தையான ஒண்ண மட்டும் எடுத்துக்குவோம்.

நன்னூல்ல எழுவகை மதம்னு ஒரு பட்டியல் வரும், அதாவது ஒரு ஆசிரியர் அடுத்தவர் கருத்து முன்னாடி எடுக்கக்கூடிய ஏழு நிலை. முதல்ல உடன்படல், அடுத்து மறுத்தல், மூணாவதுதான் என்னைப் பிடிச்சு உக்கார வெச்சது, பிறர்தம் மதமேற்கொண்டு களைவு. அடுத்தவர் சொல்றத முதல்ல ஏத்துக்கிட்டு, அதுக்குள்ள போய் நின்னு, அப்புறம் அத நீக்குறது. மறுத்தல்னு தனியா ஒண்ணு இருக்கும்போதே இதுக்குன்னு ஒரு எடம் குடுத்திருக்கார் பவணந்தி முனிவர். வெளியில நின்னு கல்லெறியறதுக்கும் உள்ள போய் நின்னு பேசுறதுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு எங்க வீட்டுலயே பாத்தேன்.

அதுக்கு முன்னாடி இன்னொரு கருவி பத்தி சொல்லிடறேன். கி.மு. 2-ம் நூற்றாண்டுல ஹெர்மகோரஸ்னு ஒரு கிரேக்க ஆசிரியர், எந்தச் சண்டையும் நாலு எடத்துல ஒரு எடத்துலதான் மாட்டிக்கிட்டு நிக்கும்னு பிரிச்சார், பின்னாடி சிசரோ, குவின்டிலியன்னு ரோம்ல பேச்சுக்கலை சொல்லிக்குடுத்தவங்க எல்லாரும் இதத்தான் வளத்தெடுத்தாங்க. முதல் கேள்வி, நடந்துச்சா இல்லையா. ரெண்டாவது, நடந்ததுக்கு என்ன பேரு, திருட்டா, கைமாத்தா. மூணாவது, அது எப்படிப்பட்டது, நியாயமா, பெருசா, மன்னிக்கக்கூடியதா. நாலாவது, இத முடிவு பண்ண நீ யாரு, இது பேச வேண்டிய எடமா. கோர்ட்டுக்காக உண்டானது, ஆனா வீட்டுச் சண்டைக்கு இத விட நல்ல கருவிய நான் பாக்கல. ஒருத்தர் நாலாவது எடத்துல நிக்கும்போது நீங்க முதல் கேள்விக்கு ஆதாரம் மேல ஆதாரமா அடுக்கினா விடிய விடிய பேசலாம், ஒண்ணும் நகராது.

எங்க அப்பாவுக்குக் காது மந்தமாயிட்டு வந்துச்சு. டெஸ்ட் எடுத்தாச்சு, ஆடியோகிராம்ல, அதாவது எந்தச் சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு காட்டற படத்துல, கோடு வலது பக்கம் போகப் போக சரிஞ்சு கீழ எறங்குது, மெஷின் வெச்சுக்கங்கன்னு டாக்டரும் சொல்லியாச்சு. அப்பா மாட்டேன்னுட்டார். அக்கா அந்த ரிப்போர்ட்ட கைல வெச்சுக்கிட்டு எத்தனையோ சாயங்காலம் போராடிப் பாத்தா, "அப்பா டெஸ்ட்லயே வந்திருக்குப்பா, இதுல என்னப்பா வாதம்"ன்னு. அவர் பதில் எப்பவும் ஒண்ணுதான், "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ளயே முணுமுணுக்கறீங்க."

பாக்க முதல் கேள்வி மாதிரி இருக்குல்ல, கேக்குதா கேக்கலையா. நானும் அப்படித்தான் இருக்கும்னு ஒரு பேப்பர்ல நாலு கேள்வியையும் எழுதி வெச்சுக்கிட்டு அவர் இந்த விஷயத்துல சொன்னதயெல்லாம் ஞாபகப்படுத்தி எதுக்குக் கீழ வருதுன்னு போட்டுப் பாத்தேன். முணுமுணுக்கறீங்க, இது முதல் கேள்வி. ஆனா மீதியெல்லாம் பாருங்க. "யாரக் கேட்டு அப்பாயின்ட்மென்ட் போட்டீங்க." "அடுத்து என்ன, வண்டிய எடுக்காதன்னு சொல்லுவீங்களா." "டாக்டர் ஏன் உங்க அக்கா மூஞ்சியப் பாத்தே பேசுறார், பேஷன்ட் நானா அவளா." வரிசையா நாலாவது கேள்விக்குக் கீழ போய் விழுந்துச்சு. காது விஷயத்துல அவருக்கு சந்தேகமே இல்ல, தன் ஒடம்பப் பத்தி தன்னைக் கேக்காம முடிவாகுதுங்கறதுதான் அவர் நின்ன எடம். அங்க போய் ஆடியோகிராம நீட்டினா அது அவரோட பயத்துக்குத்தான் சாட்சி சொல்லும்.

அதனால நான் அவர் சொன்ன அந்த முணுமுணுப்புலேர்ந்தே ஆரம்பிச்சேன். "நீங்க சொல்றது சரிதாம்ப்பா, முணுமுணுப்பாத்தான் கேக்கும்"னேன். அது உண்மையும்கூட. வயசாகி வர்ற காது மந்தத்துல முதல்ல போறது கீச்சுக்குரல் பக்கத்து ஒலிகள், ச, ஸ, த மாதிரி மெய்யெழுத்துச் சத்தம் பலது அந்தப் பக்கமும் இருக்கும், சன்னமாவும் இருக்கும், உயிரெழுத்துச் சத்தம் கனமா கீழ இருக்கறதால அது நல்லா விழும். அதனால பேச்சு கேக்கும், சத்தம் பத்தலைன்னு தோணாது, வார்த்தை மட்டும் கலங்கித் தெரியும், கேக்குறவருக்கு எதிராளி வாய்க்குள்ள பேசுற மாதிரியேதான் இருக்கும். இத அப்படியே சொன்னேன், நீங்க இத்தன நாளா பொய் சொல்லல, உங்களுக்குக் கேக்கறதத்தான் சொல்லியிருக்கீங்கன்னு. கொஞ்ச நேரம் பேசல அவர். அப்புறம் நான் சொன்னது, "போறதா வேணாமா, எப்போ, எந்த டாக்டர்ட்டன்னு எல்லாம் நீங்களே பாத்துக்கங்க, நாங்க யாரும் அப்பாயின்ட்மென்ட் போட மாட்டோம், அக்காகிட்டயும் பேசிட்டேன். ட்ரயலுக்குக் குடுப்பாங்க, பிடிக்கலேன்னா திருப்பிக் குடுத்துடலாம்."

அன்னைக்கு அவர் ஒத்துக்கல, இத அழுத்தமா சொல்லணும்னு நெனைக்கிறேன் ஏன்னா நல்ல வாதம்னா அந்த நிமிஷமே பலிக்கணும்னு எதிர்பாக்கறோம். ஒத்துக்கறதுக்கு ஆளுக்குத் தனியா டைம் வேணும், நாம இல்லாத நேரம் வேணும். சில வாரம் கழிச்சு பேப்பர் படிச்சுக்கிட்டே நிமிராம "அந்த ட்ரயல் எத்தன நாளைக்குக் குடுப்பானாம்"னு கேட்டார். நான் தெரியல, நீங்க போன் பண்ணிக் கேளுங்கன்னுட்டேன். அவரேதான் பண்ணார்.

இதே கருவி எவ்வளவு பெரிய எடத்துல வேலை செஞ்சிருக்குன்னு பாக்கணும்னா கி.மு. 427ல ஏதென்ஸ் சபைல நடந்தத படிக்கணும், தூசிடிடிஸ்ங்கற கிரேக்க வரலாற்று ஆசிரியர் பதிவு பண்ணி வெச்சிருக்கார். மிட்டிலீன்ங்கற ஊர் கலகம் பண்ணித் தோத்துருச்சு. கோபத்துல இருந்த சபை அங்க வயசு வந்த ஆம்பளைங்க அத்தன பேரையும் கொல்லணும், பெண்கள் குழந்தைகள அடிமையாக்கணும்னு முடிவு பண்ணி கப்பலும் அனுப்பிருச்சு. மறுநாள் மனசு உறுத்தி திரும்பக் கூடினாங்க. கிளியோன்ங்கறவர் தண்டனை சரிதான், அவங்க செஞ்சது துரோகம்னு பேசினார். அவர எதிர்த்துப் பேசின டயோடோட்டஸ் என்ன பண்ணார்னா அந்த ஊர் பாவம்னு கெஞ்சல, அவங்க தப்பே பண்ணலன்னும் சொல்லல. இது கோர்ட் இல்ல, அவங்களுக்கு என்ன தகும்னு பாக்க நாம இங்க கூடல, நமக்கு எது நல்லதுன்னு பாக்கத்தான் கூடியிருக்கோம்னார். சரணடைஞ்சாலும் சாவுதான்னு தெரிஞ்சா அடுத்து கலகம் பண்ற ஊர் கடைசி ஆள் இருக்கற வரைக்கும் முற்றுகைய தாங்கி நிக்கும், செலவும் நமக்கு, கைக்கு வர்ற ஊரும் பாழடைஞ்ச ஊர், வரி எங்கேர்ந்து வரும். ரொம்ப நெருக்கமான ஓட்டுல அவர் பக்கம் ஜெயிச்சுது, ரெண்டாவது கப்பல் ராப்பகலா துடுப்புப் போட்டுப் போய் உத்தரவ நிறைவேத்தறதுக்குள்ள சேந்துருச்சு. கலகத்த நடத்தினவங்கள கொன்னாங்க, ஊர் தப்பிச்சுது.

அரிஸ்டாட்டில் பின்னாடி இத இலக்கணமாவே வகுத்தார், நடந்து முடிஞ்சதப் பத்தின பேச்சு கோர்ட்டுப் பேச்சு, இனிமே செய்ய வேண்டியதப் பத்தின பேச்சு சபைப் பேச்சு, இப்ப இருக்கறத புகழ்றதும் இகழ்றதும் மூணாவது வகை. ஆபீஸ் மீட்டிங்ல நான் இத தினமும் பயன்படுத்துறேன். யார் சொல்லாம விட்டது, எந்த மெயில்ல இருந்துச்சுன்னு பேச்சு பின்னாடியே போய்க்கிட்டிருந்தா "அடுத்த தடவ இது யார் கண்ணுல முதல்ல படணும்"னு ஒரு கேள்வி, அவ்வளவுதான், ரூமே திரும்பும். ஆனா இத ஒரு தந்திரமா எல்லா எடத்துலயும் போடாதீங்க. ஒருத்தருக்கு நெஜமாவே அநியாயம் நடந்திருக்கும்போது "சரி விடுங்க, இனிமே என்ன பண்ணலாம்"ங்கறது அவர வாயடைக்கிறது. அங்க நடந்தத பேசி முடிச்சே ஆகணும்.

அடுத்து காரணம் சொல்றது பத்தி. மணிமேகலைல 29-வது காதைல அறவண அடிகள் அவளுக்குத் தர்க்கம் சொல்லிக்குடுப்பார், பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம்னு அஞ்சு உறுப்பு. இந்த மலைல நெருப்பு இருக்கு, இது பக்கம். ஏன்னா புகை வருது, இது ஏது. அடுக்களைல பாக்கறோமே அது மாதிரி, இது திட்டாந்தம். மீதி ரெண்டும் அத இந்த மலைக்குப் பொருத்தி முடிக்கிறது. இதுல அந்த மூணாவது உறுப்ப கவனிங்க, புகை இருக்கற எடத்துல நெருப்பு இருக்கும்ங்கற தொடர்ப காட்டுறது அதுதான். நாம எல்லாரும் முதல் ரெண்டோட நிறுத்திடறோம், இது இப்படி ஏன்னா அது அப்படி, முடிஞ்சுது. அந்தத் தொடர்பு எதிராளிக்கும் தெரியும்னு நெனைச்சுக்கறோம். 1958ல ஸ்டீபன் டூல்மின்ங்கற தத்துவ ஆசிரியரும் கிட்டத்தட்ட இங்கதான் வந்து நின்னார், நீ சொல்ற முடிவு, அதுக்கு நீ குடுக்கற தகவல், இந்தத் தகவல்லேர்ந்து அந்த முடிவுக்குப் போக உனக்கு அனுமதி குடுக்கற விதி, இந்த மூணாவத எடுத்து வெளிய வைன்னார்.

எங்க டீம்ல வாராவாரம் ஒரு ரிப்போர்ட் தயார் பண்ணுவோம், ஒரு ஆளுக்கு அரை நாள் போயிரும். அத நிறுத்தலாம்னு மேனேஜர்கிட்ட பேசணும். என்கிட்ட இருந்த தகவல் பலமானது, அந்த ஃபைல எங்களத் தவிர யாருமே திறக்கறதில்லன்னு லாக்ல, அதாவது யார் எப்ப திறந்தாங்கன்னு கம்ப்யூட்டர் வெக்கிற பதிவுல, தெரியுது. முந்தின நாள் கூட வேலை பாக்குறவர உக்கார வெச்சு நீங்க மேனேஜர், நான் சொல்றத உடைங்கன்னேன். பேச்சுக்கு முன்னாடி என் விதி என்னன்னு எழுதினோம், "யாரும் படிக்காத ரிப்போர்ட்டால பயன் இல்ல." எழுதினதும் அவர் சிரிச்சுட்டு, "ஆடிட்காரன் வந்தா படிப்பானே, இது படிக்கிறதுக்கு இல்ல, இருக்கறதுக்கு"ன்னார். விதியே உடைஞ்சு போச்சு, லாக்ல இருந்த நம்பர இன்னும் நூறு மடங்கு ஆக்கினாலும் மேனேஜர் அசைய மாட்டார், ஏன்னா அவருக்கு அந்த ரிப்போர்ட் ஒரு ஆவணம். அதனால லாக்க விட்டுட்டு வேற தேடினோம், ரிப்போர்ட்ல இருக்கற தேதி, பேரு, முடிவு எல்லாமே வேலைகள பதிவு பண்ற டிக்கெட் சிஸ்டத்துலயும் தானா பதிவாகுது, ஆடிட்டுக்கு அத எடுத்துக் குடுத்தா போதும். மறுநாள் அந்த ஒரு விஷயத்த மட்டும் எடுத்துட்டுப் போனேன், கூடவே "மூணு மாசம் நிறுத்திப் பாப்போம், ஆடிட் டீம் குறை சொன்னா அடுத்த வாரமே திரும்ப ஆரம்பிச்சுடலாம்"னு ஒரு கதவும் திறந்து வெச்சேன். பத்து நிமிஷத்துல முடிஞ்சுது.

ஒரு விஷயத்த மட்டும்னு சொன்னேனே, அது வேணும்னே செஞ்சது. அஞ்சு காரணம் சொன்னா அஞ்சு மடங்கு பலம்னு நெனைப்போம், கேக்குறவர் அதுல சொத்தையானதப் பிடிச்சுக்கிட்டு அத மட்டும் உடைப்பார், உடைஞ்சது ஒண்ணுன்னாலும் பேச்சே உடைஞ்ச மாதிரி ஆயிரும். பலமானத முதல்லயும் கடைசிலயும் வெச்சு பலவீனமானத நடுவுல வைன்னு குவின்டிலியன் காலத்துலயே சொல்லிக்குடுத்திருக்காங்க, ஹோமர் காவியத்துல நெஸ்டர்ங்கற தளபதி படைய நிறுத்தின விதத்த வெச்சு பின்னாடி அதுக்கு நெஸ்டர் பேரையே குடுத்திருக்காங்க. நான் ஒரு படி மேல போய் நடுவுல இருக்கறத எடுத்தே போட்டுடுங்கம்பேன். எதிர்ல இருக்கறவர் கேள்வி கேக்கற வாய்ப்பு இருக்கற எந்தப் பேச்சுலயும் பலவீனமான காரணத்த உள்ள கொண்டு போகாதீங்க.

அதோட உங்க யோசனைல இருக்கற குறைய நீங்களே முதல்ல சொல்லிடுங்க. பேசுறவர் மேல நம்பிக்கை வர்றதுக்கு அவருக்கு விவரம் இருக்கணும், நேர்மை இருக்கணும், கேக்குறவர் நல்லா இருக்கணும்ங்கற எண்ணம் இருக்கணும், அதுவும் அவரோட பழைய பேர வெச்சு இல்லாம அந்தப் பேச்சுலயே தெரியணும்னு அரிஸ்டாட்டில் எழுதியிருக்கார். நான் எழுதுற ஒவ்வொரு ப்ரொபோசல்லயும் முதல் பக்கத்துலயே "இதனால நமக்கு என்ன கஷ்டம் வரும்"னு ஒரு பத்தி இருக்கும். அது இருந்தா படிக்கிறவங்க குறை தேடுறத விட்டுட்டு அந்தக் கஷ்டத்த எப்படி சமாளிக்கலாம்னு யோசிக்க ஆரம்பிச்சுடறாங்க, பல தடவ நான் எழுதாத தீர்வ அவங்களே குடுத்திருக்காங்க.

பேச்ச மெருகேத்தறதுக்கு நான் செய்யறது ஒண்ணே ஒண்ணு, ஆனா அலுப்பான வேலை. போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு அதுல ரெண்டு நிமிஷத்த மட்டும் கேட்டுக் கேட்டு வார்த்தைக்கு வார்த்தை கையால எழுதணும், பேசிக்கலி, வந்து பாத்தீங்கன்னா, ஆக்சுவலா எல்லாத்தையும் விடாம. அப்புறம் நன்னூல் சொல்ற பத்துக் குற்றத்த பக்கத்துல வெச்சுக்கிட்டு பென்சில்ல குறிக்கணும். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், மயங்க வைத்தல், மிகைபடக் கூறல் இதெல்லாம் நூல் எழுதறவங்களுக்குச் சொன்னதுதான், பேச்சுக்கு அப்படியே பொருந்துது. அதுல சென்று தேய்ந்து இறுதல்னு ஒண்ணு, நல்லா ஆரம்பிச்சு போகப் போகத் தேஞ்சு முடியறது, குழுவுல நான் கேட்ட பேச்சுல ரொம்ப அதிகமா இருக்கறது இந்தக் குற்றம்தான். இதுக்கு மருந்து சுலபம், கடைசி வாக்கியத்த முதல்லயே எழுதி வெச்சுடுங்க, நேரம் முடியப்போகுதுன்னு மணி அடிச்சா எங்க இருந்தாலும் விட்டுட்டு அந்த வாக்கியத்துக்கு வந்துடுங்க. குரல் ஏத்த எறக்கம், கை அசைவு இதெல்லாம் எழுதிப் பாக்கறதுல வராது, அதுக்கு வீடியோதான், அதப் பத்தி சொல்ல என்கிட்ட புதுசா ஒண்ணும் இல்ல.

கோபம் பத்தி மட்டும் இன்னொண்ணு. தன்னை மட்டமா நடத்திட்டாங்கங்கற எண்ணத்துலேர்ந்துதான் கோபம் வருதுன்னு அரிஸ்டாட்டில் சொல்றார், இது எனக்கு வாட்ஸப் குரூப்லதான் முழுசா புரிஞ்சுது. முப்பது பேர் பாத்துக்கிட்டிருக்கற எடத்துல ஒருத்தர் சொன்னது தப்புன்னு ஆதாரத்தோட போட்டா அவருக்குப் பின்வாங்க வழியே இல்ல, ஒத்துக்கிட்டா முப்பது பேர் முன்னாடி தோத்தவர். அதே ஆதாரத்த தனியா அனுப்பி "நீங்க பாத்தது எந்தச் செய்தின்னு தெரியல, எனக்கு இது கெடைச்சுது, நீங்களும் ஒரு தடவ பாருங்க"ன்னா முக்கால்வாசி பேர் குரூப்ல அவங்களே திருத்திப் போட்டுடறாங்க. குரூப்ல பேசியே ஆகணும்னா அவருக்காகப் பேசாதீங்க, படிச்சுட்டு சும்மா இருக்கற மத்தவங்களுக்காகப் பேசுங்க, அவர் பேர கொண்டு வராம விஷயத்த மட்டும் எழுதுங்க.

இதெல்லாம் கத்துக்கிட்டா அடுத்தவங்கள ஏமாத்தவும் முடியும், அத மறைக்கறதுல அர்த்தமில்ல. நான் எனக்குன்னு வெச்சிருக்கற அளவுகோல், நான் என்ன யோசிச்சு எப்படி பேசினேன்ங்கறத பின்னாடி அந்த ஆள்கிட்டயே சொல்ல முடியுமா. அப்பாகிட்ட அந்த நாலு கேள்வி எழுதின பேப்பர காட்டினேன், "நாலாவதுல நெறைய எழுதியிருக்கியே"ன்னார். காட்ட முடியாத மாதிரி ஒண்ணு இருந்தா அத செய்யறதில்ல.

குழு கெடைக்காதவங்க ஒரு ஆள் இருந்தா போதும், வீட்டுலயே பண்ணலாம். ஒரு தலைப்பு, ஆளுக்கு ரெண்டு நிமிஷம், நடுவுல யாரும் குறுக்க பேசக்கூடாது, முடிஞ்சதும் எதிராளி சொன்னத திருப்பிச் சொல்லித் தலையாட்டு வாங்கணும், அப்புறம் பக்கத்த மாத்திக்கிட்டு திரும்ப ரெண்டு நிமிஷம். ஜெயிச்சது யாருன்னு பேசவே வேணாம், மாத்திப் பேசும்போது எந்தக் காரணம் உங்களுக்கு சங்கடமா இருந்துச்சுன்னு மட்டும் பேசுங்க. தலைப்புக்குப் பெரிய விஷயம் எதையும் தேட வேணாம், இந்த மாசம் உங்க வீட்டுலயோ வேலைலயோ முடியாம இழுத்துக்கிட்டிருக்கற ஒரு பேச்சு கண்டிப்பா இருக்கும், அதுல எதிர்ப்பக்கத்த முதல்ல நீங்க எடுத்துக்கங்க.